கோவிலுக்குக் கொடுத்த காது

மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரரை அந்தக் கிறிஸ்தவக் கோவில் பங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் அண்ணன் என்றால்தான் தெரியும். கோவில் பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் பொறுப்புதான். அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரே குற்றத்துக்காக அவர் மனைவி மைக் அண்ணி ஆகிவிட்டாள். இது அந்த அண்ணியின் கதை.

கடையில் அவளுக்கும் வேலை உண்டு. எரிந்துபோன பம்ப் மோட்டார் வந்தால் பழைய கம்பியை அறுத்து இழுத்துப்போடுவது அவர் வேலை. உள்ளே வரிவரியாக இருக்கிற காடிப் பள்ளங்களைச் சுரண்டித் துடைத்து, கனத்த மஞ்சள் தாளை அளவாக வெட்டி, ஒவ்வொரு காடிக்குள்ளும் மடித்துச் சொருகுவது அவள் வேலை. தாள் சரியாக உட்காராவிட்டால் புதுக்கம்பி இரும்பைத் தொட்டுவிடும். தொட்டால் போச்சு, மறுபடியும் புகைதான்.

ஒரு வருஷமாக இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, "ஓடும்போது கரகரன்னு சத்தம் வருதுண்ணே" என்பார். அண்ணன் வாயைத் திறக்குமுன் அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஓடும்போது கரகரன்னு சத்தமாம். பேரிங்கா இருக்குமோ?" என்று தானே யோசிக்கிற மாதிரி கேட்பாள். "பேரிங்தான். விட்டுட்டுப் போங்க, பாத்திடலாம்" என்பார் அண்ணன். வந்தவர், அண்ணிக்கும் தொழில் அத்துப்படி என்று மெச்சிக்கொண்டு போவார்.

அண்ணனுக்குக் காது மங்கிவிட்டது. வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே கிரைண்டர் ஓடியதோ, வயசோ, என்னவோ. அது யாருக்கும் தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டாள். அதில் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்றால், அந்த விஷயம் அண்ணனுக்கே தெரியாது.

கடையில் செல்லுபடியான சாமர்த்தியம் கோவிலில் செல்லவில்லை. அங்கே அவர் தனி அறையில் ஜன்னல் வழியாகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். முன்னால் பூசை வைத்த பங்குச்சாமி, உயரம் குறைந்த ஸ்டாண்டு மைக்கில் பேசுவார். புதுச்சாமி மைக்கைக் கையில் எடுத்து வாயோடு ஒட்டிவைத்துப் பேசுகிறவர். அவர் வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு ஒரே குறை.

"சாமி தங்கமானவர்தான். ஆனா வாய்க்குள்ளேயே மெல்லுறாரு. ஜனங்களுக்கு எப்படிக் கேக்கும், சொல்லு?"

ஜனங்களுக்குக் கேட்க வேண்டுமே என்று வாராவாரம் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். முன்வரிசைப் பெரியவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கீபோர்டு வாசிக்கிறவர், தான் வாசித்தது சுவரில் முட்டித் திரும்பி வந்து தன்னையே அடிக்கிறது என்றார். சாமி உள்ளே ஜெபம் சொன்னால் எதிர்த்தெரு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் அங்கிருந்தே ஆமென் சொல்லிவிடலாம்.

சத்தத்தைக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பங்கில் பாதி வீட்டு மோட்டாரும் மின்விசிறியும் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன. கோவில் வேலைக்கு இதுவரை ஒரு பல்புக்கான காசுகூட அவர் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவரிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி பிரசங்கம் வைத்தார். நம்முடைய நேரம், திறமை, பொருள் மூன்றும் நம்முடையது இல்லை, நம் கையில் கொடுத்துவைத்தது, கொடுத்தவர் ஒருநாள் எங்கே என்று கேட்பார் என்றார். வழக்கம்போல அண்ணி வீட்டுக்கு வந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, பிரசங்கத்தை மெச்சுகிற சாக்கில் முழுசாகத் திருப்பிச் சொன்னாள். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"நேரம் கொடுத்துட்டு இருக்கோம். திறமையும் ஏதோ நமக்குத் தெரிஞ்ச அளவுக்குக் கொடுத்துட்டு இருக்கோம். பொருள்தான் பாக்கி. நேர்ச்சையை இந்த மாசமே முடிச்சிடறேன்."

அது மகளுடைய பிரசவத்துக்காக வைத்த நேர்ச்சை. மகள் ஆஸ்பத்திரியில் சிரமப்பட்டபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் கோவிலுக்குப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வாங்கிவைக்கிறேன் என்று அவர் கடவுளிடம் சொல்லியிருந்தார். ஆண்டவர் பேத்தியைக் கொடுத்தார். அண்ணன் அன்றிலிருந்து வருமானத்தில் ஒரு பங்கைப் பீரோவில் தனியாக எடுத்துவைத்து வந்தார்.

செய்தி பரவிவிட்டது. மறுநாளே கோவில்பிள்ளை, அதாவது கோவிலைக் கூட்டி மணி அடிக்கிறவர், வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார்.

"அண்ணி, இப்ப இருக்கிற பெட்டிக்கே கூரையில இருந்த புறா எல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. இன்னும் ரெண்டு வந்தா ஜனங்களும் காலி பண்ணிடுவாங்க."

"சாமிகிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேனே. கடவுளுக்குக் கொடுக்கிறேன்னு வர்ற மனுஷனை வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு அவரு தலையைச் சொறியறாரு. சரி, அண்ணன்கிட்ட நாமளே சொல்லிடுவோம்னு வந்தேன். வாசல்ல கால் வெச்சதும் அண்ணன் சரிபண்ணிக் கொடுத்த எங்க வீட்டு மிக்ஸி ஞாபகம் வந்துடுச்சு. வாய் வரலை அண்ணி."

உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, "வாய்யா, டீ சாப்பிடு" என்றார். கோவில்பிள்ளை டீயைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேத்தி கோவிலுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. வருகைப் பாட்டு பெட்டியிலிருந்து கிளம்பியதும் குழந்தைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அழுத அழுகையில் மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்கு ஓடினாள். அண்ணி பின்னாலேயே போனாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காது கேக்கலை. உனக்கு இது தெரியும்தானே?"

அண்ணி குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"ஃபோன்ல எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்மா'ங்கிறாரு. சாப்பிட்டீங்களான்னாலும் நல்லா இருக்கேன். உங்க மருமகனுக்கு வேலை மாறிடுச்சுன்னாலும் நல்லா இருக்கேன். எனக்குப் புரியாதா?"

"மெல்லப் பேசுடி."

"உள்ள இருந்து வர்ற சத்தத்துல யாருக்கும்மா கேக்கப்போகுது?" என்று சொல்லும்போதே மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ பேர்ல நேர்ச்சை வெச்சு வாங்கற பெட்டிம்மா அது. அது வந்தா இவளாலேயே கோவிலுக்குள்ள உட்கார முடியாது. நான் இவளைத் தூக்கிட்டு இனிமே வரலை."

அண்ணி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தாள். கொடுத்தவர் நாளைக்கு வந்து, உன் புருஷன் காது போனபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டால்? பத்திரமாக மூடிவைத்தேன் ஆண்டவரே என்று சொல்வதா?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் காது கேளாதவரிடம் ரகசியம் சொல்வது லேசுப்பட்ட காரியமா? நாலு வார்த்தைக்கு மேல் போனால் கத்தித்தான் சொல்ல வேண்டும். கடைக்கு இந்தப் பக்கம் தையல்கடை, அந்தப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ, நடுவில் இருப்பதெல்லாம் ஒரு பலகைத் தடுப்புதான்.

மறுநாள் அண்ணன் ஒரு மோட்டாருக்குக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணி எதிரே உட்கார்ந்து ஜெபமாலையில் ஒரு பத்து மணி மனசுக்குள் சொன்னாள். பிறகு பக்கத்தில் இருந்த மஞ்சள் தாளை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "பேத்தி நேத்து எதுக்கு அழுதா தெரியுமா?" என்றாள். எப்போதும் அவரிடம் பேசுகிற குரல்தான்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

மறுபடியும் கேட்டாள்.

"என்ன விளையாட்டு இது? தாளை எடுத்துட்டுச் சொல்லு, ஒண்ணும் கேக்கலை."

அவள் தாளை இறக்கினாள். "ஏங்க, தாளு உங்க காதையா மறைக்குது? என் வாயைத்தானே மறைக்குது?"

அண்ணன் கையில் கம்பி அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். நல்ல மெக்கானிக் அவர். எங்கே பழுது என்று காட்டிவிட்டால் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு கேட்டார். "அப்போ, சாமி வாய்க்குள்ள மெல்லலையா?"

"இல்லீங்க. மைக்கு அவரு வாயை மறைக்குது. அவ்வளவுதான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒரு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"அந்த ரூமும் அந்த நாற்காலியும் இல்லாட்டி நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பீரோவுல இருக்கிற பணத்துக்குக் காது மெஷின் வாங்கலாங்க."

அதுவரை அடங்கி இருந்தவர் அப்போதுதான் வெடித்தார். "கடவுளுக்குன்னு சொன்னதை எடுத்து என் காதுல சொருகிக்கவா? பேசாம இரு. சாவியைச் சாமிகிட்ட கொடுத்துடறேன். பெட்டி வாங்கித்தான் வைப்பேன். வேற யாராச்சும் குறைச்சு வெச்சு ஓட்டட்டும்."

சாயங்காலம் இருவரும் சாமியார் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் ஆம்ப்ளிஃபயர் அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் விரலை அதிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. நடந்ததை அண்ணி சொன்னாள். சாமி மோவாயைத் தடவியபடி ஏதோ பேச ஆரம்பித்தார்.

"சாமி, கையை எடுத்துட்டுப் பேசுங்க" என்றாள் அண்ணி. ஒரு குருவானவரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. சாமி சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியையும் அண்ணனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஒரு நேர்ச்சையை அதுக்குச் சமமான வேற ஒண்ணா மாத்திக்கொடுக்கப் பங்குச்சாமிக்கு உத்தரவு இருக்கு. உங்களோடதை மாத்தறேன். கோவிலுக்குப் பெட்டி இருக்கு, வயர் இருக்கு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உட்கார்றவருக்குக் காதுதான் இல்லை. அதை வாங்கிக் கொடுங்க. அது கோவில் சொத்து. பாத்துக்கிற பொறுப்பு உங்களுக்கு."

"என் காதுக்குள்ள இருக்கிறது எப்படி சாமி கோவில் சொத்தாகும்?"

"உங்க காதே உங்க சொத்து இல்லையே அண்ணே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுருபத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர் இந்தச் சாவியை விட்டுவிட்டு எழுந்தால், நாளைக்குக் கடையையும் விட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவி மேசையில் உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் பரிசோதனை செய்து மெஷின் மாட்டிவிட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். சாமி "பிதா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் கை பாய்ந்துபோய் குமிழைத் திருப்பியது. கோவில் திடீரென்று சாந்தமானதும் கரண்ட் போய்விட்டதாக நினைத்துச் சிலர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்கள். மகள் கடைசி பெஞ்சில் இருந்தாள். பேத்தி பூசை முடியும்வரை தூங்கினாள்.

முடிந்ததும் அண்ணன் வெளியே வந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். "இத்தனை நாளா இந்தச் சத்தத்துலயா உட்கார்ந்திருந்தீங்க? ஏன்யா ஒருத்தர்கூட சொல்லலை?"

"சொன்னா மட்டும் உங்களுக்குக் கேட்டிருக்குமாண்ணே?" என்றார் கோவில்பிள்ளை. கூட்டம் சிரித்தது. அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அண்ணி நினைத்தாள். ஆனால் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றித் துடைத்து டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். கடைக்கும் கிடையாது, சாப்பாட்டுக்கும் கிடையாது. கேட்டால், "கோவில் சொத்து. சொந்த உபயோகத்துக்கு எடுத்து பேட்டரியைத் தீர்க்கக்கூடாது" என்றார்.

அண்ணி ஒரு வாரம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. டப்பாவை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க காதே உங்களோடது இல்லைன்னு சாமி சொன்னாரு. எனக்கும் கொடுக்காதீங்கன்னு சொன்னாரா? நம்ம கல்யாணத்தை அந்தக் கோவில்லதானே நடத்தினாங்க? அப்போ நானும் கோவில் கணக்குதான். மாட்டுங்க."

அண்ணன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. மாட்டிக்கொண்டார்.

"சாப்பிடுங்க!" என்றாள் அண்ணி.

அவர் துள்ளிவிட்டார். "ஏம்மா இப்படிக் கத்துற?"

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷத்தில் அதுவே அவள் குரலாகிப்போயிருந்தது. மெல்லப் பேசிப் பார்த்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்திச் சொல்ல முடியாத பேச்செல்லாம் ஒரு வருஷமாக அவளிடம் சேர்ந்து கிடந்தது. மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன அன்றைக்கு, வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தான் எவ்வளவு பயந்தாள் என்பதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதிலிருந்து ஆரம்பித்தாள்.

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.