காளைக்குப் பின்னால் நடக்காத திரெபி

“மாட்டு வாலைப் பார்த்துக்கிட்டு நடக்குற பொறப்பு நான் இல்லை. காளைதான் எம் பின்னாடி வரணும்!”

சபீன மலையூரின் எல்லைக்கல்லருகே நின்று திரெபி முழங்கியபோது, கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அவன் வயதுதான். அவர்கள் பிறப்பதற்கு முந்தைய பஞ்சத்தில், “அடுத்த வசந்தத்தில் பிறக்கும் ஆடு, மாடு, பிள்ளை எல்லாம் உனக்கே” என்று ஊரார் மாமெர் சாமிக்கு நேர்ந்துவிட்டார்கள். ஆடுமாட்டைச் சாமி உடனே வாங்கிக்கொண்டது. பிள்ளைகளுக்கு மட்டும் ஆளாகும்வரை தவணை. இப்போது தவணை முடிந்து, முகத்தை மூடி எல்லைக்கு வெளியே கொண்டுவந்து விட்டாயிற்று. திரும்பிப் போகக்கூடாது. சாமியின் காளை முன்னால் நடக்கும். அது படுக்கிற இடம்தான் இனி ஊர்.

அந்த வசந்தத்தின் முதல் பிள்ளை திரெபி. ஆகவே தலைமை தனக்கே என்று தொட்டிலிலேயே தீர்மானித்துவிட்டவன். ஆடு மேய்த்த காலத்திலும் முன்னால்தான் நடப்பான். ஆடுகள் வேறு பக்கம் போயின என்றால் அது ஆடுகளின் குறை.

காளைக்குத் தினமும் புது மாலை. அவன் கட்டிக்கொள்ளப்போகிற வெசூலியா அதன் நெற்றியைத் துடைத்து, பார்லியைக் கையாலேயே ஊட்டினாள். திரெபிக்கு ஆறிப்போன அவரைக் கூழ். காளை படுத்ததும் சாமிக்கு வெட்டிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த வெட்டிலும் அதற்கு ஒரு கௌரவம் காத்திருப்பதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

“அதுக்கு மட்டும் கையால ஊட்டுறே?”

“அது வழி காட்டுது. நீ என்னத்தக் காட்டுறே?”

“நானுந்தான் தினம் காட்டுறேன்.”

“நீ வாயால காட்டுறே திரெபி. அது காலால காட்டுது.”

மலைப்பாதை பிரிகிற இடத்தில் காளை இடப்பக்கம், முள்ளும் கல்லுமான சரிவில் ஏறியது. வலப்பக்கம் ஆற்றோரம் பச்சைச் சமவெளி. திரெபிக்கு மார்பு விரிந்தது.

“பாருங்கடா, மாட்டோட புத்தியை! வெசூலியா, வீடு வேணும்னா எங்கூட வா.”

“காளை படுக்குற இடத்துலதான் அடுப்பு வைப்பேன். நீ இருந்தா உன்னோட. இல்லேன்னா ஒப்பி இருக்கான், பாவம், வாயே திறக்கமாட்டான்.”

கூட்டத்தில் நின்ற ஒப்பி அப்போதும் வாய் திறக்கவில்லை. அதுவே திரெபிக்குப் பெரிய அகம்பாவமாகப் பட்டது. தனியாகவே இறங்கினான்.

சமவெளி நெருங்க நெருங்க இன்னும் அழகாயிருந்தது. வரப்பு இருந்தது, கோதுமை இருந்தது, நாய்களும் இருந்தன. கம்போடு ஒருவன் ஓடிவந்தான்.

“யார்றா நீ? எந்த ஊரு?”

இருபது வருஷமாக ஓயாத வாய்க்குப் பதில் கிடைக்கவில்லை. பழைய ஊரைச் சொல்ல முடியாது. புது ஊர் இன்னும் படுக்கவில்லை. நாய்கள் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை.

ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பவும் பாதை பிரிகிற இடத்துக்கு நொண்டி நொண்டி வந்தான். ஈரமண்ணில் காளையின் குளம்படி. கொஞ்சம் தள்ளிச் சாணம், தொட்டுப் பார்த்தான், சூடு ஆறவில்லை. அதைப் பார்த்து இவ்வளவு மகிழ்ச்சி வருமென்று அவன் நினைத்ததேயில்லை.

மேட்டில் கூட்டத்தைப் பிடித்தான். காளை இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி வெசூலியா, அவள் பக்கத்தில் ஒப்பி. வெசூலியா அவனுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஓரடி ஒதுங்கி இடம் விட்டாள்.

காளையின் வாலுக்கு நேர் பின்னால் இருந்தது அந்த இடம். திரெபி தலையைக் குனிந்து, ஒப்பியை முழங்கையால் லேசாகத் தள்ளிக்கொண்டு, அதில் போய் நின்று நடக்க ஆரம்பித்தான்.