செவ்வாய்க்குப் போகாத கப்பலும் பொங்கலன்று வந்த விமானமும்

அன்று பயணச்சீட்டுக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்கார அண்ணை, அவரிடம் வேலை செய்த, பாரிசிலேயே பிறந்து வளர்ந்த பெண்பிள்ளை, என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்ச் சமையற்காரன், நான். ஐந்தாவது ஆள் என் மனைவி. அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். ஆனால் மேசைமேல் கிடந்த என் தொலைபேசியின் ஸ்பீக்கர் வழியாக அவள் மூச்சு விடுவதுகூட எல்லோருக்கும் கேட்டது. அதனால் அவளையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

2012ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லாச்சப்பலில், பாலத்தின் மேலே மெத்ரோ ரயில் போகும்போது அந்தக் கடையின் கண்ணாடி அதிரும். மற்றவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்ப்பேன்.

விஷயம் இதுதான். என் மனைவியின் விசா ஜனவரி இருபதாம் திகதியோடு முடிகிறது. அதற்குள் அவள் பிரான்சுக்குள் கால் வைக்க வேண்டும். நான் அகதி, நாட்டுக்குப் போக முடியாது. சென்னையில் கலியாணம் செய்து, ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், சேர்ந்திருந்துவிட்டு, அவள் அங்கே, நான் இங்கே என்று பிரிந்தவர்கள் நாங்கள். அந்த விசா வர ஒன்றரை வருடம் எடுத்தது. காலாவதியானால் திரும்பவும் முதலில் இருந்து. இவ்வளவும் தெரிந்துகொண்டே, பொங்கலன்று வருவதற்கு எடுத்திருந்த டிக்கெட்டை நானே குழப்பிவிட்டேன். காரணம், ரஷ்யாக்காரன் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய ஒரு கப்பல்.

அது செவ்வாயைச் சுற்றும் சின்னச் சந்திரன் ஒன்றுக்குப் போய், ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்காகச் செய்த ஆளில்லாக் கலம். நவம்பரில் ஏவினார்கள். ரொக்கெட் ஒழுங்காகத்தான் கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு கப்பலின் சொந்த எஞ்சின் பற்றவில்லை. செவ்வாய்க்குப் போகவேண்டியது பூமியையே சுற்றிக்கொண்டு, கூப்பிட்டால் பதிலும் சொல்லாமல், நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று தொன். அதில் பெரும்பகுதி நஞ்சு எரிபொருள். பொங்கலை ஒட்டி விழும், எங்கே என்று சொல்ல முடியாது என்றார்கள்.

இதையெல்லாம் எனக்கு வாசித்துச் சொன்னது கடையில் வேலை செய்த பிள்ளைதான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். குண்டு போட விமானம் வந்தால், உட்காரும் வாங்குக்குக் கீழே படுக்கச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அது. ஒருநாள் படுத்தேன், சத்தம் ஓய்ந்ததும் எழும்பி வீட்டுக்கு வந்தேன், பிறகு போகவில்லை. மேலே இருந்து வருவது எதுவென்றாலும் எனக்கு அந்த வாங்கின் அடிப்பலகைதான் கண்ணுக்குள் வரும். மெத்ரோவில் கிடந்த இலவசப் பத்திரிகையில் அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்ததில் இருந்து, வேலை முடிந்ததும் கடைக்குப் போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் கொம்பியூட்டரில் பிரெஞ்சில் வாசித்து, பாதித் தமிழில் சொல்வாள்.

"அண்ணா, டாங்க் எல்லாம் அலுமினியம். மேலையே உருகிடும். செ பா க்ராவ், பரவாயில்லை."

"உருகாதது ஒண்டுமில்லையோ?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மண் கொண்டுவருவதற்கென்று அதற்குள் ஒரு சின்னக் கூம்பு இருந்ததாம். பரசூட் கிடையாது. நெருப்புக்குள்ளால் வந்து நேராக நிலத்தில் மோதினாலும் உடையாதபடி செய்திருந்தார்களாம். மற்றதெல்லாம் எரியும், இது மட்டும் விழுவதற்கென்றே செய்த சாமான். என் மனைவியோ அது விழும் நேரம் ஆகாயத்தில் இருப்பாள்.

அந்த வருடமே ரஷ்யாக்காரனுக்குச் சரியில்லாத வருடம். அமெரிக்காக்காரன் தன் விண்வெளி ஓடங்களை நிறுத்திவிட்டான். விண்வெளி நிலையத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில்தான் ஏறவேண்டும். அப்படியிருக்க, ஓகஸ்டில் அந்த நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோன கலம் மேலே போய்ச் சேராமல் சைபீரியக் காட்டில் விழுந்தது. நவம்பரில் இது.

டிக்கெட்டை மாற்றவேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் காரணத்தைச் சொல்ல வெட்கம். என்னை ஏற்கெனவே எல்லோரும் எதற்கும் பயப்படுகிற வெருளி என்றுதான் சொல்வார்கள். மாமியாரிடம் போய் ரஷ்யன் கப்பல் விழப்போகிறது என்று சொன்னால், மகளை யாருக்குக் கொடுத்தோம் என்று யோசிப்பார். ஆகவே தொலைபேசியில், "மாமி, பொங்கல் நாளிலை வீட்டுப் பொம்பிளைப்பிள்ளையை வெளிக்கிடுத்தி அனுப்பிறது சரியில்லை எண்டு இஞ்சை பெரியாக்கள் சொல்லினம்," என்றேன். எந்தப் பெரியாளும் சொல்லவில்லை. மாமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஓம் தம்பி, எனக்கும் மனசுக்குள்ளை உறுத்தினதுதான்," என்றார். நான் உடனே டிக்கெட்டைப் பதினெட்டாம் திகதிக்கு மாற்றினேன். இரண்டு நாள் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

நான் நினைக்காதது ஒன்று நடந்தது. நாள் பார்ப்பதென்றால் முழுக்கப் பார்க்கவேண்டும் என்று மாமி கோயில் ஐயரிடம் போயிருக்கிறார். ஐயர் பஞ்சாங்கத்தை விரித்து, திங்கள் அட்டமி, செவ்வாய் நவமி, அதற்குப் பிறகும் தேய்பிறைதான், தூரதேசம் போகிற பிள்ளையை அமாவாசை கழித்து வளர்பிறையில் அனுப்புங்கோ என்று சொல்லிவிட்டார். நான் கடையில் நின்ற அன்று மனைவி அழைத்தது அதைச் சொல்லத்தான். டிக்கெட் விபரம் எழுதிக்கொண்டிருந்ததால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தேன்.

அண்ணை சுவரில் தொங்கிய மளிகைக்கடை நாட்காட்டியைப் பார்த்தார். "வளர்பிறை எண்டால் இருபத்துநாலு தாண்டும். விசா எப்ப முடியுது?"

"இருபது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆர் தம்பி இந்த நாள் பாக்கிற கதையைத் தொடக்கினது?"

"நான்தான்."

"இவனோ?" என்றான் மன்னார்க்காரன். "அண்ணை, இவன் கோயிலுக்கே அன்னதானம் குடுக்கிற நேரம் பாத்துத்தான் போறவன்."

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இஞ்சை பாரும். பொங்கலண்டு வெளிக்கிடக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ரஷ்யாக்காரன்ரை கப்பல் ஒண்டு மேலை இருந்து விழப்போகுது. அதுக்குப் பயந்துதான் மாத்தினனான்."

கடைப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னார்க்காரன் பொத்தவில்லை.

"மச்சான், உலகத்திலை இவ்வளவு இடம் கிடக்க, அது உன்ரை மனிசியைத் தேடி வருமோ?"

"சும்மா இரு," என்றார் அண்ணை.

"எவ்வளவு பெரிசு?" என்று மறுமுனையில் மனைவி கேட்டாள்.

"பதின்மூண்டு தொன்."

"உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லை."

"அது நல்லது. எங்களுக்கு மேலை போடக் கிட்டத்திலையே எவ்வளவு பேர் இருந்தவை. ரஷ்யாக்காரன் செவ்வாய்க்கெண்டு வெளிக்கிட்டு வந்தோ போடவேணும்?"

இந்த முறை அண்ணையும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் டிக்கெட்டை மாத்தினவுடனை, என்னை வேண்டாம் எண்டு நினைச்சிட்டியள் எண்டு நான் நினைச்சன். மூண்டு இரவா நித்திரை இல்லை. ஒரு கிழமை பழகின மனிசர், பாஷை தெரியாத ஊர். எனக்கு மேலை இருந்து விழுறதுக்குப் பயமில்லை. இறங்கினாப் பிறகு என்ன நடக்கும் எண்டுதான் பயம்."

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணை எழும்பி, வேலை ஒன்றும் இல்லாத அச்சு இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். மன்னார்க்காரன் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். கடைப் பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் அதே பயம்தான்," என்றேன். "நீர் வந்து என்னைப் பாத்திட்டு, இவரோ எண்டு நினைச்சால்."

"அதை வந்துதானே பாக்கலாம். பதினைஞ்சாம் திகதியே திரும்பப் போடச் சொல்லுங்கோ. அம்மாவோடை நான் கதைக்கிறன்."

பொங்கல் நாளுக்கு ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. விலை ஏறியிருந்தது. அண்ணை தன் அட்டையால் கட்டினார்.

அன்று பின்னேரமே மாமி அழைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ரொக்கெட் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. நாள் பாத்து என்ன செய்யிறது, அதுக்கு அம்மனிட்டை அர்ச்சனை அல்லோ செய்யவேணும்," என்றார். என்னை விட மாமிக்குத்தான் அந்தக் கப்பலில் நம்பிக்கை அதிகம். கப்பலின் நட்சத்திரம் தெரியாததால் மகளின் பெயருக்கே செய்தாராம்.

பொங்கலன்று மன்னார்க்காரன் பிரஷர் குக்கரில் பொங்கினான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், ஆனாலும் என்னைவிட நன்றாகப் பொங்குவான். என்னால் ஒரு வாய்கூட உண்ண முடியவில்லை. கப்பல் விழும் இடம் அதற்கு முதல்நாள் இந்து சமுத்திரம் என்றார்கள். கொழும்பில் இருந்து விமானம் எழும்பும் பக்கம். பிறகு அத்திலாந்திக் என்றார்கள். வீட்டில் இருக்க முடியாமல் நேரத்தோடேயே விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டேன். மன்னார்க்காரனும் துணைக்கு வந்தான். ரயிலில் ஆட்கள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். இவர்கள் யாருக்கும் தெரியாதா, தெரிந்தும்தான் தூங்குகிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

வருகைப் பலகையில் அவளுடைய விமானத்துக்குப் பக்கத்தில் 'ரெத்தார்' என்று விழுந்தது. தாமதம். நான் பிரெஞ்சில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொற்களில் ஒன்று அது. வேலைக்குப் பிந்திப் போனால் முதலாளி சொல்வது. அன்றைக்கு அதன் அர்த்தமே வேறாக இருந்தது. எவ்வளவு தாமதம் என்று போடவில்லை. தூணில் சாய்ந்து நின்றேன். மேலே கூரை கண்ணாடியால் போட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் விழும் என்று நினைத்தேன்.

"டேய், தண்ணியைக் குடி," என்றான் மன்னார்க்காரன். அவனும் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏழு மணி தாண்டி அண்ணை அழைத்தார். "விழுந்திட்டுது. பசிபிக் கடலிலையாம், சிலிக்கு அங்காலை. பிள்ளை இப்பதான் பாத்துச் சொல்லுது. இனி ஆறுதலா மூச்சு விடு."

விட்டேன். ஆனால் பலகையில் 'ரெத்தார்' அப்படியே நின்றது. ரஷ்யாக்காரன் போனாலும் விமானம் விமானம்தானே. பிறகு அது மறைந்து, இறங்கிவிட்டது என்று மாறியது. அதற்குப் பிறகும் நெடுநேரம் அவள் வரவில்லை. பொலிஸ் மேசையில் விசாவைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒரு சூட்கேசைத் தள்ளிக்கொண்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"விழுந்திட்டுதோ?" என்றாள்.

"ஓம். கடலுக்கை."

"அப்ப சரி. எனக்குப் பசிக்குது."

மன்னார்க்காரன் பையில் இருந்து பொங்கல் டப்பாவை எடுத்தான்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள், பெரிய வகுப்பு. நான் இன்னும் ரஷ்யாவின் கலங்களைப் பின்தொடர்கிறேன். மற்ற ஆண்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் என்பாள் மனைவி. அப்படியில்லை, அவர்கள் ஆசைப்பட்டுப் பார்க்கிறார்கள். சோயுஸ் மூன்று துண்டு, அதில் ஆட்கள் இருக்கும் நடுத்துண்டு மட்டும்தான் பூமிக்குத் திரும்பி வரும் என்று எனக்கு இப்போது தெரியும். 2018இல் ரொக்கெட் பாதிவழியில் பிழைக்க, அந்தத் துண்டு தன்னைப் பிடுங்கிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் உயிரோடு இறக்கியது. அன்று நான் வேலைத்தலத்தில் அழுதேன். 2022இல் நிலையத்தில் கட்டியிருந்த ஒரு சோயுஸின் குளிர்நீர் முழுக்க ஒழுகிப்போய், ஆறு மாதம் என்று போன மூன்று பேர் ஒரு வருடம் அங்கேயே இருந்தார்கள். வெறுங்கலம் ஒன்றை அனுப்பித்தான் கொண்டுவந்தார்கள். சோயுஸுக்குப் பதிலாகப் புதுக்கலம் வருகிறது, வருகிறது என்கிறார்கள், இன்னும் ஒருவரும் அதில் ஏறவில்லை. 2025 கடைசியில், ஆட்களை ஏற்றி அனுப்பிய ஏவுதளத்தின் அடியில் இருந்த மேடையே இடிந்துபோனது.

அதே வருடம் மே மாதம், சோவியத் காலத்தில் வெள்ளிக் கிரகத்துக்கென்று செய்து, போகாமல் ஐம்பது வருடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கலம் விழுந்தது. வெள்ளியின் வெக்கையைத் தாங்கச் செய்தது, எரியாது என்றார்கள். சனிக்கிழமை. மகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை. காலையிலேயே அது இந்து சமுத்திரத்தில் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அனுப்பவில்லை. பின்னேரம் மூன்று பேருமாக லாச்சப்பல் கடைத்தெருவுக்குப் போனோம். அண்ணை இப்போதும் அதே மேசையில்தான், தலை மட்டும் நரைத்துவிட்டது.

"என்ன, இதுக்கும் டிக்கெட் மாத்த வந்தனியோ?" என்றார். "முதல் பழையதை முடி."

மனைவி என்னைப் பார்த்தாள். முதல்முறை மாற்றியதற்கு நான் அப்போதே கட்டிவிட்டேன்; இரண்டாவது முறைக்கான கடன் இன்னும் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது முறை அண்ணை தன் அட்டையால் கட்டிய முந்நூற்றி எண்பது யூரோவில் கொஞ்சம் கொஞ்சமாக இருநூற்றி அறுபது கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு மகள் பிறந்தாள், வீடு மாறினோம், அண்ணையும் கேட்கவில்லை. அன்றும் என் சட்டைப்பையில் மெத்ரோப் பயணச்சீட்டும் சில்லறையும்தான் இருந்தன. அண்ணைக்குக் கொடுக்க மிச்சம் நூற்றியிருபது யூரோ.