முழுக்கைச் சட்டை டிரில் மாஸ்டர்

அக்கினி நட்சத்திரத்துல எங்க ஊரு மலைப் பாறையிலருந்து வர்ற அனலுக்கு நாய்கூட நிழலை விட்டு நகராது. அந்த வெயில்ல, மணிக்கட்டு வரைக்கும் பித்தான் போட்ட முழுக்கைச் சட்டையோட, மைதானத்துல விசில் ஊதிக்கிட்டு ஒரு ஆளு நின்னா அது எங்க வூட்டுக்காரருதான். டிரில் மாஸ்டர் இருசப்பன். பசங்க வெச்ச பேரு ‘முழுக்கை’. அதைக்கூட அவரு என்கிட்ட சொல்லல, மார்க்கெட்டுல தக்காளி விக்கிறவ சொல்லித்தான் தெரியும்.

நான் ராஜம்மா. அவரு கதையை நான்தான் சொல்லணும். அவரைச் சொல்ல விட்டா பாதியை முழுங்கிடுவாரு.

எழுபதாம் வருஷம் முழங்கையில காலணா அளவுக்கு செவப்பா ஒண்ணு வந்துச்சு, மேல வெள்ளை வெள்ளையா செதில். பூச்சி கடிச்சிருக்கும்னு விட்டுட்டோம். ஆறு மாசத்துல முதுகு, முட்டி, மண்டைன்னு எல்லா எடத்துலயும் குடித்தனம் வந்துடுச்சு. நாட்டு வைத்தியரு காளாஞ்சகப்படைன்னு சொல்லி, வெட்பாலை எலையைத் தேங்காண்ணெயில போட்டு வெயில்ல வெக்கச் சொன்னாரு. அந்த எண்ணெய் கத்திரிப்பூ கலருக்கு மாறிடும். எங்க வூட்ல தலகாணி உறை, பாய், பனியன் எல்லாமே கத்திரிப்பூ கலருதான். அப்புறம் வேலூருக்கு இட்டுனு போனேன். அங்க ஒரு டாக்டரம்மா தார் களிம்பு குடுத்தாங்க. அதைத் தடவிக்கிட்டு அவரு படுத்தா, ரோடு போடற எடத்துல படுத்த மாதிரி வாசனை வரும். ஆனா அந்தம்மா தெளிவா ஒண்ணு சொன்னாங்க. “இது தொத்தாது. ஆளையும் கொல்லாது. ஜாஸ்தியாகும், கம்மியாகும், கூடவே இருக்கும். கவலைப்பட்டா இன்னும் ஜாஸ்தியாகும்.”

சொன்னா கேக்கிற ஆளா அவரு? பஸ்சுல சீட்டு காலியா இருந்தாலும் படிக்கட்டுகிட்டதான் நிப்பாரு. பக்கத்துல ஒக்காந்தவன் எழுந்து போனா மனசு தாங்காதே, அதுக்கு மொதல்லியே இவரு நின்னுக்குவாரு. பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்க தனி டம்ளர். முடி வெட்டிக்க கடைக்குப் போறதில்ல, கத்திரிக்கோலை என் கையில குடுத்துடுவாரு. நான் வெட்டின அழகுக்கு, படை எவ்வளவோ மேல். காலையில நான் எழுந்திருக்கறதுக்குள்ள பாயில கொட்டின செதிலை அவரே கூட்டி அள்ளிடுவாரு. நான் பெருக்கினா இன்னான்னு கேட்டா, “உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை”ன்னு தலையைக் குனிஞ்சுக்குவாரு. அந்தக் குனிஞ்ச தலையைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன், ஒண்ணைத் தவிர. எங்களுக்கு ஒரே பொண்ணு, உண்ணாமலை. படை வந்தப்ப அவளுக்கு ரெண்டு வயசு. அன்னையிலருந்து அவளைத் தொடறதை நிறுத்திட்டாரு. அது ‘நைனா’ன்னு ஓடியாரும், இவரு ஸ்டாண்ட் அட் ஈஸ்ல நிக்கிற மாதிரி கை ரெண்டையும் பின்னால கட்டிக்குவாரு. சைக்கிள் கத்துக் குடுத்தாரு, கேரியரைப் புடிச்சிக்கிட்டே தேரடி வீதி முழுக்க ஓடினாரு. அவ கீழ விழுந்தப்ப சைக்கிளைத் தூக்கினாரு, பொண்ணைத் தூக்க என்னைக் கூப்பிட்டாரு. தொத்தாதுன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு அவரு பையிலதான் இருந்துச்சு. பையில இருந்து இன்னா பண்றது, மண்டைக்குள்ள ஏறணும் இல்ல?

அந்தப் பொண்ணுக்கு எண்பத்தெட்டுல கல்யாணம் அமைஞ்சுது. செங்கத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கிற ராமலிங்கத்தோட பையன். “சொல்லிடலாங்க, மறைச்சா தப்பு”ன்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன். “பொண்ணுக்கும் வரும்னு சொல்லி வேணாம்னுடுவாங்க ராஜம்மா. தாலி ஏறட்டும், அப்புறம் நானே சொல்றேன்”னாரு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப சம்பந்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. “எங்க வழக்கத்துல பொண்ணைப் பெத்தவரு சட்டையோட தாரை வாக்கக் கூடாதுங்க.”

வூட்டுக்கு வந்து சுவரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்தாரு. தாரை வாக்கறதுன்னா வெத்து ஒடம்போட நிக்கணும், பொண்ணு கையைப் புடிச்சு மாப்பிள்ளை கையில வெக்கணும், நான் மேல தண்ணி ஊத்தணும். மொத ரெண்டுமே அவரால ஆகாத காரியம். “என் தம்பி சுப்பிரமணியும் அவன் பொண்டாட்டியும் வாக்கட்டுமே”ன்னாரு. நான் போட்ட சத்தத்துல தெருவே கதவைத் தெறந்துச்சு. உண்ணாமலை சத்தமே போடல. “நைனா தாரை வாக்கலைன்னா நான் மணவறையில ஒக்காரல”ன்னு சொல்லிட்டு, முறம் எடுத்து அரிசி பொடைக்கப் போயிட்டா.

அப்பத்தான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சு. எங்க ஊருக்காரங்களுக்கு மட்டும்தான் வரும் அப்படி ஒரு யோசனை. “தெருவுக்குத் தெரு சாமியாருங்க திரியற இந்த ஊர்ல ஒடம்பு பூரா விபூதி பூசிக்கிட்டா ஏன்னு எவன் கேக்கப் போறான்?” முகூர்த்தத்தன்னிக்கு கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும், ரெண்டு கையும் சேத்து, தண்ணியில கொழைச்சு அப்பிக்கிட்டாரு. ஒன்றரைப் படி விபூதி. முதுகுக்கு நான்தான் அப்பினேன், திட்டிக்கிட்டே. காஞ்சதும் அரிப்பு எடுக்குது, சொறியவும் முடியல, சொறிஞ்சா உதிரும். மூச்சை இழுத்துப் புடிச்சிக்கிட்டு செலை மாதிரி சத்திரத்துக்கு வந்தாரு.

வந்ததும் வினை ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை வூட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு, பெரிய சிவபக்தர்னு கால்ல விழுந்துட்டாங்க. இவருக்கு ஆசீர்வாதம் பண்ணத் தெரியுமா, டிரில் பசங்களுக்குச் சொல்ற குரல்ல “எழுந்திரு”ன்னாரு. அவங்களும் பயந்து எழுந்துட்டாங்க. சம்பந்தி தூரத்துல நின்னு ஒரு மாதிரியாவே பாத்துக்கிட்டிருந்தாரு. முகத்துல சிரிப்பே இல்ல.

தாரைக்கு ஐயர் கூப்பிட்டாரு. மாப்பிள்ளை கை, அதுக்கு மேல உண்ணாமலை கை, அதைப் புடிச்சிருக்கிற மாதிரி ஒரு அங்குலம் தள்ளி எங்க வூட்டுக்காரரு கை. நான் செம்பைச் சாய்ச்சேன். கொஞ்சமா ஊத்தணும்னு சொல்லித்தான் வெச்சிருந்தாரு. எனக்கு கண்ணு நெறைஞ்சு செம்பு தெரியல, மொத்தமா கவுந்துடுச்சு. வேணும்னே ஊத்தினியான்னு இன்னைக்கும் கேக்கறாரு. அதை நான் சொல்ல மாட்டேன்.

விரல்லருந்து முழங்கை வரைக்கும் விபூதி கரைஞ்சு ஓடிடுச்சு. செவப்பு செவப்பா, செதில் செதிலா, பதினெட்டு வருஷம் சட்டைக்குள்ள இருந்தது மொத்தமும் மணவறை வெளிச்சத்துல தெரிஞ்சுது. அவரு கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டாரு. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திட்டாரு. தாலி இன்னும் தட்டுல இருக்குது.

சம்பந்தி மணவறைக்கு வந்து குனிஞ்சு பாத்தாரு. “இது இன்னா சம்பந்தி?”

நான்தான் முந்திக்கிட்டு பதில் சொன்னேன். “காளாஞ்சகப்படைண்ணா. பதினெட்டு வருஷமா இருக்குது. தொத்தாது, நானே சாட்சி, கூடவே படுத்து எழுந்திருக்கேன். பொண்ணுக்கு வரலாம், வராமலும் போகலாம். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல, தப்புதான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

சம்பந்தி பெருமூச்சு விட்டாரு. “அடப் போம்மா. காலையிலருந்து வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்களே. இப்படி மேலெல்லாம் பூசிக்கிட்டு வந்து நிக்கிறாரே, பொண்ணைக் குடுத்த கையோட மலையைச் சுத்தி இருக்கிற சாமியாருங்களோட போய்ச் சேந்துடுவாரோன்னு எங்க வூட்ல ஒரே புலம்பல். ஆடி சீர் யாரு செய்வாங்க, தாய்மாமன் இல்லாத பேரப்புள்ளைக்குக் காது குத்தறப்ப மடியில யாரு வெச்சுக்குவாங்க?” சொல்லிட்டு மேளக்காரரைப் பாத்து வாசிங்கன்னு கையைக் காட்டினாரு. மாப்பிள்ளைக்கு அத்தை ஜோதியம்மா மட்டும் முன் வரிசையிலருந்து எழுந்து பின்னால போய் ஒக்காந்துக்கிட்டாங்க. சாப்பிடாமலே பஸ் ஏறிட்டதா அப்புறம் சொன்னாங்க. ஏறட்டும்.

எங்க வூட்டுக்காரரு மட்டும் அப்பவும் அசையல. உண்ணாமலை நிமிர்ந்து பாத்தா. “கையைக் குடு நைனா”ன்னா. அவரு என்னைப் பாத்தாரு. நான் வேற பக்கம் பாத்தேன். அவளே எட்டி, தண்ணி சொட்டற அந்தக் கையைப் புடிச்சு தன் கைமேல வெச்சுக்கிட்டா.

ஐயர் மந்திரம் சொல்லி முடிச்சாரு. “போதும், கையை எடுக்கலாம்”னாரு. இவருக்குக் காதுல விழல. ஐயர் இன்னொரு தடவையும் சொன்னாரு. ரெண்டாவது தடவை காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும், பக்கத்துலதானே நின்னேன். ஆனாலும் எடுக்கல.