அறுபத்திரண்டு பேருக்கு ஒரு சர்வர்

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் வாசுகிக்கு ஆபீஸ் வேலை. கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள். மீதி நேரத்தில் ‘மணிமுத்தா’ என்ற சமூக வலைத்தளத்தை நடத்திவந்தாள். இப்படி ஊருக்கு ஊர் சிறு தளங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தன் சர்வரில் நடத்துவார். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம். மணிமுத்தாவில் அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் வாசுகிக்குத் தெரிந்த முகங்கள்.

அவர்களில் ஒருவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற தர்மராஜ். ஜங்ஷனுக்கு வரும் சரக்கு ரயில்களைப் படமெடுத்துப் போடுவார். ‘சந்தைமேடு’ என்ற வேறொரு சர்வரிலிருந்து நாலு பேர் அந்தப் படங்களுக்குக் கீழே அசிங்கமாக எழுதிவைத்தார்கள்.

“அந்த சர்வரையே தூக்கிடும்மா” என்று தர்மராஜ் போனில் கொதித்தார்.

வாசுகிக்கும் கோபம். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் சந்தைமேட்டை மொத்தமாகத் தடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் கம்பெனி வாசலில் செல்வநாயகி வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருப்பவள், அவளும் மணிமுத்தாவில் ஒருத்தி.

“ஏம்மா வாசுகி, எனக்கும் ஷாஹிதாவுக்கும் நடுவுல நீ ஏன் பூந்த?”

ஷாஹிதா மங்கலம்பேட்டையில் தையல்காரி. சந்தைமேட்டில் கணக்கு வைத்திருந்தாள். எட்டு மாதமாக இருவரும் ஜாக்கெட் டிசைன் அனுப்பி அனுப்பி, நேரில் பார்க்காமலே நெருங்கிவிட்டவர்கள். நாலு நாளாக அவளிடமிருந்து ஒன்றும் வராததால், செல்வநாயகி பஸ் ஏறி மங்கலம்பேட்டைக்கே போய்விட்டாளாம்.

“கடையத் தேடிப் புடிச்சி, எம்மேல என்னா கோவம்னு கேட்டா, உனக்குத்தான எம்மேல கோவம்னு அவ அழுவுறா! அப்பறம் சோறு போட்டுத்தான் அனுப்புனா, அது வேற. நான் அனுப்புனதும் அவளுக்குப் போவலன்னா, நடுவுல நீதான தடுத்திருக்கணும்?”

வாசுகிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். “அங்கேருந்து கெட்ட கெட்ட வார்த்தையா வந்துதுக்கா.”

“திட்டுனவன் நாலு பேரு. அவனுங்கள நிறுத்து. என் சிநேகிதி என்னா பண்ணா? எங்கள ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லைதான். அன்று சாயங்காலமே வாசுகி தடையை நீக்கினாள். திட்டிய நாலு கணக்குகளை மட்டும் தடுத்தாள். சந்தைமேட்டுப் பதிவுகள் பொதுப் பக்கத்தில் வராதபடி வைத்தாள். வேண்டியவர்கள் தேடிப்போய்ப் படிக்கலாம். வேண்டாதவர்கள் தங்கள் கணக்கில் மட்டும் அந்த சர்வரை மூடிக்கொள்ளலாம். இனிமேல் எதைத் தடுப்பதானாலும் முன்கூட்டியே கேட்பேன் என்று எல்லோருக்கும் மன்னிப்பு எழுதினாள். அறுந்த தொடர்பு தானாக ஒட்டவில்லை. செல்வநாயகியும் ஷாஹிதாவும் மறுபடி ஒருவரையொருவர் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள்.

தர்மராஜுக்குத்தான் மனசு ஆறவில்லை. சந்தைமேட்டை மொத்தமாகத் தடுக்கிற சர்வர் எதுவோ, அங்கே போகிறேன் என்றார். வாசுகி தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், அப்படிப்பட்ட சர்வர் ஒன்றில் கணக்குத் திறந்து கொடுத்தாள்.

“பழைய படம் இங்கியே இருக்கும் சார். உங்களைப் படிக்கிறவங்க கூடவே வந்துருவாங்க. அங்கேருந்து நீங்க போடுற ரயிலும் எனக்கு வரும்.”

“அப்ப நான் போறதுக்கு என்னாம்மா அர்த்தம்?”

“உங்க இஷ்டத்துக்குப் போறீங்க, அதான் சார்.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி அம்சவல்லி சத்தமாகச் சிரித்தாள். தர்மராஜும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மாறுவதற்கான பட்டனைத் தானே அழுத்தினார்.