கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பவர்

ஊர் உலகமெல்லாம் பார்ப்பதற்குக் கண்ணாடி போடும். ஜுவைரியா பார்ப்பதற்குக் கழற்றுவார். பஸ் போர்டோ, கோலமோ, மாணவர் விடைத்தாளோ, கண்ணாடி ஒரு தடவை நெற்றிக்கு ஏறியே தீரும். “சின்னது மறைஞ்சாதான் பெருசு தெரியும்” என்பார்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் படங்களைக் கணினியால் அலசும் பாடம் நடத்துகிறார். ஒலியைப் போலவே படமும் அவருக்கு அலைகளின் கூட்டம்தான். மீன் கடையில் செதில் வரிசையைப் பார்த்து, “என்னா சுத்தமான ஃப்ரீக்வென்சி” என்று சொக்கி நிற்பார். ஆசையைக் கண்டதும் மீன் விலை ஏறிவிடும்.

சென்ற பங்குனியில் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு சோதனை வந்தது. அவர் குடியிருக்கும் மரக்காணத்தில், பக்கத்து வீட்டுக் காசிலிங்கத்தின் உப்பளத்தில் உப்பு கட்டவில்லை. கால்வாய்த் தண்ணீர் எங்கிருந்தோ கசிந்து பாத்திகளில் கலந்து உவர்ப்பைக் குறைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் வரப்பு வரப்பாக நடந்தும் ஓட்டை அகப்படவில்லை. கோடைமழைக்குள் அடைக்காவிட்டால் பன்னிரண்டு குடும்பங்களின் இரண்டு மாத உழைப்பும் தண்ணீரோடு போய்விடும்.

கல்யாண வீடியோக்காரரின் ட்ரோனில் படம் எடுத்து வந்தார் காசிலிங்கம். நூற்றுக்கணக்கான கட்டங்கள். வரப்புக் கோடுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் நிற்கவில்லை.

“மைக் செட்டு ‘ங்ங்’னு இரையும்ல அண்ணே? இந்த வரப்புங்கதான் அந்த இரைச்சல். அத எடுத்துட்டா மிச்சம் பேசும்.”

ஆவலில் ஜுவைரியா முதல் முறை கணினியில் படத்தை அளவுக்கு மீறி மழுக்கிவிட்டார். உப்பளம் ஆறிய கஞ்சியாயிற்று.

“ஏம்மா, இருந்ததும் பூட்ச்சே” என்றார் காசிலிங்கம்.

ஜுவைரியா சிரித்தார். மறுமுறை, சீராகத் திரும்பத் திரும்ப வரும் அலைகளை மட்டும் பொறுக்கி நீக்கினார். கோடுகள் கரைந்தன. கால்வாய்ப் பக்க மூலையில், பாத்தித் தண்ணீருக்குள், விசிறி விரித்தது போல் ஒரு மங்கல் மிஞ்சியது.

“தோ இருக்குது பாருங்க” என்று எழுந்து ஓடியவர் செருப்பு மாட்ட மறந்தார்.

அந்த மூலையில் இறங்கி வரப்படியைத் துழாவினார், அங்கே உப்பு வாரும் மேரிசெல்வி. முழங்கைவரை கை உள்ளே போயிற்று.

“நண்டு வளை டீச்சர். சில்லுன்னு தண்ணி வர்றது தெரியுது.”

ஜுவைரியா துப்பட்டா நுனியில் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு சேற்றில் குந்தி, நாலு விரல் அகல ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.