யாருக்கும் பிடிக்காத பாசிநிறப் புடவை

கல்லூரி அட்டெண்டர் மாடி ஏறி வந்து, "அம்மா, நம்ம தாமோதரன் சார் போயிட்டாருமா" என்றார். அப்போதும் நான் சார்மேல் எரிச்சலில்தான் இருந்தேன். அவர் துறையிலேயே பாடம் நடத்தும் என் கட்டுரையை மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தார். ஓரத்தில் ஒரே வரி: 'எல்லாரையும் தனித்தனியாகக் கேட்கவும்.' இப்படிப் பாதியில் விட்டுப் போனால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சமூக உளவியல் பேராசிரியர். நச்சரித்தே உயிரை வாங்குவார் என்பது அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். வகுப்பில் "புரிஞ்சிதா?" என்பார். எல்லாரும் தலையாட்டுவோம். உடனே ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழைத்து அதையே கேட்பார். ஒருவருக்கும் புரிந்திருக்காது. அதற்குள் மணி அடித்துவிடும். "கும்பல்ல கேட்டா ஊருதான் பேசும்பா, தனியா கேட்டாதான் ஆளு பேசுவான்" என்பார். காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பிறந்தவர், ஊர்ப் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து முகூர்த்தப் புடவையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் அதற்கா பஞ்சம்? அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. விடுவாரா? பட்டுக் கடைக்குக் கூடவே வந்துவிட்டார்.

கடைக்காரர் பாசி நிறத்தில் அகலமான ஆரஞ்சுக் கரை போட்ட ஒன்றை விரித்தார். வருங்கால மாமியார் தொட்டுப் பார்த்தார். "சம்பந்தியம்மாவுக்குப் புடிச்சிடுச்சி" என்றாள் அம்மா. "பொண்ணு கண்ணெடுக்காம பாத்துக்கினு இருக்குதே" என்றார் மாமியார். இப்படியும் ஒரு நிறமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சார் ஒவ்வொருவரையும் ஓரமாக அழைத்து ஏதோ கேட்டார். அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தியில் பாயசம் குடிக்கும்போது சொன்னார்: "யாருக்குமே புடிக்கலம்மா, கடைக்காரர் உட்பட."

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"ஆராய்ச்சி பண்றவன் குறுக்க பேசக் கூடாதும்மா."

எனக்கு வந்த கோபத்தில் அவர் இலையை நானே மூடியிருப்பேன்.

கல்யாணத்தோடு என் ஆய்வை நிறுத்துவதென்றும் முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள், எல்லாரும்தான். கல்லூரிக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினேன். மறுநாள் டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேட்டில் என் புகுந்த வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியாரைக் கிணற்றடிக்கும் என் கணவரை வாசலுக்கும் தனித்தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். பிறகு எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டு உடைத்தார்.

"புள்ளைக்குப் புடிக்காதுன்னு அம்மா நெனைக்கிறாங்க. அம்மாவுக்குப் புடிக்காதுன்னு புள்ளை நெனைக்கிறாரு. பொண்ணு படிச்சா ரெண்டு பேருக்கும் சந்தோஷமாத்தான் இருக்குது. அப்புறம் அது படிப்ப ஏன் உடணும்?"

"நான் எப்படா நிறுத்தச் சொன்னேன்?" என்று மாமியார் மகனைப் பார்த்துக் கேட்டார்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "அன்னைக்கு மட்டும் குறுக்க பேசக் கூடாதுன்னீங்களே சார்?"

"புடவைன்னா மடிச்சி வெச்சிடலாம்மா" என்றார், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.

இரங்கல் கூட்டத்தில் அவருக்குப் பெரிய படம் மாட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். வெளியே வந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். யாருக்கும் இஷ்டமில்லை. மற்றவர்கள் ஆசைப்படுகிறார்களே என்று கை தூக்கினார்களாம். போகும்போது இந்தத் தொல்லையைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறார், மனிதர். பாசிநிறப் புடவை மடித்தபடியே பெட்டியில் கிடக்கிறது. அவர் விட்டுப்போன வகுப்பை நாளைக் காலை நான்தான் எடுக்கிறேன்.