சாந்திக்கு நான் போட்ட எழுத்து

போன வாரம் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஆங்கில இதழின் தலைப்பைப் பார்த்ததும் பல்வலியே மறந்துவிட்டது. தடித்த கால்கள், அவற்றை இணைக்கும் மயிரிழைக் கோடுகள். அந்தச் சாயலில் கணினித் தமிழ் எழுத்துரு ஒன்றின்மேல் எனக்கு ஒரு காலத்தில் பைத்தியம். குன்னூரில் டி.டி.பி. கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, அதைத்தான் போடுவேன். பெரிய புத்தக வடிவமைப்பாளர் என்று நினைப்பு வேறு.

சூடான பிரிண்டரின் வாசனை வந்தால் மாரியாயி அம்மாவும் நினைவுக்கு வந்துவிடுகிறார். கீழ் கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். சின்ன வயதில் குடும்பத்தோடு சிலோனிலிருந்து வந்தவர். மகள் சாந்தி திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவள் பையோடு ஒரு நோட்டும் திரும்பி வந்தது. அதில் அவள் எழுதிய கதைகள். முதலாண்டு நினைவுக்குப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். பிழை பார்க்க இருக்கட்டும் என்று நோட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கணினியில் பக்கங்கள் அத்தனை அழகு. மலிவான தாளில் அச்சாகி வந்தபோது மெல்லிய கோடுகள் பாதி விழவில்லை. ‘ப’வுக்கு அடிக்கோடு போய் இரண்டு குச்சிகள் நின்றன. எனக்குத் தெரிந்தது. படிக்க முடிகிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

மாரியாயி அம்மா புத்தகத்தைப் பிரித்து, ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு பாப்பா. எனக்குத்தான் வாசிக்க வரல. எழுத்தே எம்மகதான் எழுதிக் காட்டிப் பழக்குனா. அவ கையெழுத்துன்னா வாசிச்சிருவேன். அந்த நோட்டைக் குடுத்துரு.”

மேஜையில் தேடினேன், அலமாரியில் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. புது மானிட்டர் வைக்க இடம் ஒழித்த அன்று, கிடந்த காகிதங்களையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது நான்தான். அவரை உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

“அந்த லோடு போன வாரமே மேட்டுப்பாளையம் எறங்கிருச்சுங்க. இந்நேரம் மில்லுல கூழாயிருக்கும்” என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து சொன்னேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. புத்தகக் கட்டை முந்தானையில் பொதிந்துகொண்டு, மழையில் இறங்கிப் போய்விட்டார்.

தடித்த எழுத்தில் மறுபடி அச்சடித்து, தோட்டத்து லயத்தில் அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். “இதுவும் அழகா இருக்கு” என்று வாங்கி, மகள் படத்துக்குக் கீழே வைத்தார். பிரிக்கவில்லை.

அந்த டி.டி.பி. கடை இப்போது இல்லை. அந்த எழுத்தையும் நான் பிறகு தொடவில்லை. சென்ற மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மாரியாயி அம்மாவைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே போகத் தைரியம் வரவில்லை. நேர் எதிரே பஸ் நின்றது; போர்டில் ஊர்ப்பெயர் சாண் உயர எழுத்தில் எழுதியிருந்தது. அவர் அதை நிமிர்ந்தும் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இது எங்கே போகிறது என்று கேட்டுத்தான் ஏறினார்.